தோலுக்கு அடியில் – 7: ஓடும் கோடு

கெய்ரோ மருத்துவப் பள்ளி ஆய்வறையில், ஆய்வாளர் ஆர்தர் லூஸின் கைமேல் சிந்திய துளியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்த தண்ணீர் அது. கினிப்பன்றிகளின் வாயில் ஊட்டும்போது தவறி விழுந்து அவருடைய விரலிடுக்கில் வழிந்தது. சில நிமிடங்களில் அந்த இடம் எரிந்தது, சிவந்தது. வேறு யாராக இருந்தாலும் கையைக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். லூஸ் இன்னொரு துளியை எடுத்தார். இந்த முறை வேண்டுமென்றே கையில் விட்டுக்கொண்டார்.

மறுபடியும் அதே எரிச்சல். தோலில் மிஞ்சியிருந்த ஈரத்தை மழுங்கிய கத்தியால் வழித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். சற்றுமுன் துள்ளிக்கொண்டிருந்த புழுக்களைக் காணோம். ஓரிரண்டு மட்டும் மெல்ல அசைந்தன. மற்றபடி தகட்டில் கிடந்ததெல்லாம் பாம்பு உரித்துப்போட்ட சட்டைபோல வெறும் தோல்கள். உள்ளே இருந்தவை புறப்பட்டுப் போய்விட்டன. அவை போயிருக்கக்கூடிய இடம் ஒன்றுதான். லூஸின் உடல்!

பிறகு அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் தென்பட்டன. 1898-ல் இதை எழுதி வெளியிட்டார். நம்ப ஆளில்லை. புழு வாய்வழியாகத்தான் உள்ளே போகும் என்று ஐரோப்பா முழுவதும் உறுதியாக நம்பிய காலம் அது. ஆகவே லூஸ் ஒரு சோதனை செய்தார். வெட்டி நீக்கப்படவிருந்த ஒரு சிறுவனின் காலில், அறுவைக்குச் சற்று முன்பாக இளம்புழுத் தண்ணீரை ஊற்றினார். இன்று எந்த நெறிக்குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. நீக்கிய காலின் தோலை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்தபோது, மயிர்க்கால்களின் துளை வழியே புழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பின்னர் நாய்களை வைத்து மிச்சப் பாதையையும் கண்டுபிடித்தார். தோலிலிருந்து இரத்தத்துக்கு, இரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு, அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியே மேலேறித் தொண்டைக்கு. தொண்டையில் விழுங்கப்பட்டுக் குடலுக்கு.

கொக்கிப்புழுவுக்கு ஓர் எல்லை உண்டு. அதன் முட்டை மனித உடலை விட்டு வெளியே போய் மண்ணில்தான் பொரிக்க முடியும். எனவே புதிதாகப் புழு ஏறாமல் பார்த்துக்கொண்டால், உள்ளே இருப்பவை சில ஆண்டுகளில் தாமாகச் செத்துப்போகும். ஆனால் அதே பாதையில் வரும் இன்னொரு புழுவுக்கு அந்த எல்லை கிடையாது. ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் அதற்கு மண் வேண்டாம், மழை வேண்டாம், வெளியுலகமே வேண்டாம். இந்த வாரக் கதை அதைப் பற்றியது.

*

அந்தப் புழு முதலில் மருத்துவர் கண்ணில் பட்டது பிரான்சின் தூலோன் துறைமுகத்தில். ஆண்டு 1876. இன்றைய தெற்கு வியட்நாமான கொச்சின்சீனாவிலிருந்து திரும்பிய படைவீரர்கள் ஓயாத வயிற்றுப்போக்கில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். கடற்படை மருத்துவர் லூயி நோர்மான் அவர்களுடைய மலத்தில் மிகச் சிறிய புழுக்களைக் கண்டார். முட்டைகள் அல்ல, உயிரோடு நெளியும் இளம்புழுக்கள். இன்று அதன் பெயர் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். பெண்புழு இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான், சிறுகுடலின் உட்சவ்வுக்குள் புதைந்து கிடக்கும். இந்தப் புழுவும் தோலைத் துளைத்தே உள்ளே வருகிறது என்பதை 1902-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் டுர்மே காட்டினார்.

மலத்தில் முட்டை வராமல் ஏன் புழு வருகிறது? முட்டை குடலுக்குள்ளேயே பொரித்துவிடுகிறது என்பது அதன் பொருள். அப்படியானால், பொரித்த குஞ்சுகளில் சில வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிட்டால்? இந்தக் கேள்விக்கான விடை பெரிய அளவில் மனித உடல்களில் எழுதப்பட, ஒரு போரும் ஒரு ரயில்பாதையும் தேவைப்பட்டன.

*

மலேசியத் தமிழர்கள் அதைச் ‘சயாம் மரண ரயில்’ என்பார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-ன் நடுவில் ஜப்பானிய இராணுவம் வேலையைத் தொடங்கியது. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தார்கள். 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இதைப்போலப் பல மடங்கு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகர், சீனர் என்று 1,80,000-க்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. இறந்தவர்கள் 90,000 அளவில் என்பது மதிப்பீடு. மதிப்பீடு என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் அவர்களை யாரும் எண்ணவில்லை.

தமிழர்கள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போனார்கள். சில மாதங்களில் திரும்பிவிடலாம், கூலி உண்டு, அரிசி உண்டு என்ற பேச்சை நம்பி முதலில் சிலர் போனார்கள். பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. பிறகு பேச்சு நின்றுபோய் ஆள்பிடி தொடங்கியது. சரக்கு வண்டிகளில் அடைத்துக்கொண்டுபோய் பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவிட்டார்கள்.

1943-ன் மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். மே மாதத்தில் பிடித்த மழை விடவே இல்லை. மூங்கிலும் ஓலையும் வைத்துக் கட்டிய கொட்டகை, அதற்குச் சற்றுத் தள்ளி மலக்குழி. குழி என்பது வெட்டிய பள்ளம்தான், மூடி கிடையாது. மழைநீர் நிரம்பிப் பள்ளம் வழிந்து, முகாம் முழுவதும் ஒரே சேறாகிவிடும். அந்தச் சேற்றில்தான் சமையல், அந்தச் சேற்றில்தான் படுக்கை. செருப்போ பூட்சோ முதல் சில மாதங்களிலேயே இற்றுப்போய்விட்டது. தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அது தொடக்கத்திலிருந்தே இல்லை.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவுக்கு இதைவிடத் தோதான இடம் அமையாது. வெப்பம், ஈரம், மனித மலம், வெறுங்கால். அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளமுள்ள இளம்புழு, கால்விரலிடுக்கில் ஒட்டிய சேற்றிலிருந்து தோலுக்குள் போகும். அந்த இடம் கொஞ்சம் அரிக்கும், சிவக்கும், இரண்டு நாளில் அடங்கும். நம் வயல்வேலைக்காரர்கள் அறிந்த சேற்றுப்புண் என்றே யாரும் நினைத்துக்கொள்வார்கள். சேற்றுப்புண் பெரும்பாலும் ஈரத்தாலும் பூஞ்சையாலும் வருவது. அந்த ஈரத்தில் அப்படி நினைப்பது இயல்புதான். காலரா வரிசையாக ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் முகாமில், கால் அரிப்பை யார் பொருட்படுத்துவார்கள்?

ராபர்ட் ஹார்டி என்ற மருத்துவர் அங்கே கைதியாக இருந்தார். போருக்கு முன் மலாயாத் தோட்டங்களில் வைத்தியம் பார்த்தவர், தமிழ்த் தொழிலாளர்களை நன்கு அறிந்தவர். பிடிபட்டால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் ரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். கைதிகளான மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கொண்ட இரண்டு குழுக்கள் 1943-ல் சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து கூலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. ‘கே’ படை, ‘எல்’ படை என்று அவற்றுக்குப் பெயர். மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. காலரா, சீதபேதி, மலேரியா, காலில் எலும்பு தெரியும் அளவுக்கு அழுகும் புண் ஆகியவற்றுக்கு நடுவில் அந்த மருத்துவர்கள் செய்ததை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் குடலின் மடிப்பில் புதைந்துகொண்ட இரண்டு மில்லிமீட்டர் புழுவை அந்த நிலையில் யாரும் தேடியிருக்க முடியாது.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. பிழைத்தவர்கள் வீடு திரும்பினார்கள். அவர்களோடு புழுவும் திரும்பியது.

*

லிவர்பூலிலோ பெர்த்திலோ ஒரு முன்னாள் வீரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தேறிவிட்டது, வேலைக்குப் போகிறார், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஒருநாள் இடுப்புக்குக் கீழே திடீரென்று தாங்கமுடியாத அரிப்பு. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் சிவந்து தடித்த ஒரு கோடு, வளைந்து வளைந்து போகிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் கோடு நீண்டிருக்கிறது. முன்பு முடிந்த இடத்தில் முடியவில்லை.

பேனாவால் அதன் நுனியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால், புள்ளியைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டர், சில சமயம் பத்து சென்டிமீட்டர் போயிருக்கும். நாய், பூனையின் கொக்கிப்புழு மனிதத் தோலில் வழிதவறி அலையும்போதும் இப்படிக் கோடு விழும். ஆனால் அது ஒரு முழு நாளைக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் நகரும். இதன் வேகம் வேறு எந்தப் புழுவுக்கும் கிடையாது. பிட்டம், தொடை, அடிவயிறு, முதுகு என்று உடலின் நடுப்பகுதியில்தான் பெரும்பாலும் தோன்றும்.

மறுநாள் மருத்துவரிடம் போனால் காட்ட ஒன்றுமே இருக்காது. சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில், கோடு சுவடில்லாமல் மறைந்துவிடும். வாரங்கள் கழித்து வேறிடத்தில் வரும். ஒவ்வாமை, காணாக்கடி, போர்க்கால நினைவு தந்த மனக்கோளாறு என்று ஆளுக்கொரு பெயர் சொல்ல இது வசதியாகிவிட்டது. தன் தோலுக்கடியில் ஏதோ ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டுவது மருத்துவர்களுக்கு எளிது. அவர் சொன்னது அப்படியே உண்மையாக இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் வதைக்கும் இடம்.

1958-ல் ஆர்தர், ஷெல்லி என்ற இரு மருத்துவர்கள் இந்தக் கோட்டுக்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். லார்வா கரன்ஸ், அதாவது ஓடும் இளம்புழு. குடலில் பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலானவை மலத்தோடு வெளியேறுகின்றன. சில மட்டும் குடலுக்குள்ளேயே அடுத்த பருவத்துக்கு வளர்ந்து, துளைக்கும் வல்லமை பெற்றுவிடுகின்றன. அவை குடல் சுவரைத் துளைத்து மறுபடி இரத்தத்துக்குள் போகலாம். அல்லது ஆசனவாய்வரை வந்து, அங்குள்ள தோலைத் துளைத்து உள்ளே நுழையலாம். அப்படி நுழைந்த புழு தோலுக்கடியில் ஓடும் தடம்தான் அந்தக் கோடு. பிட்டத்திலும் தொடையிலும் அது அடிக்கடி தொடங்குவதன் காரணம் இதுதான். நுரையீரல், தொண்டை, குடல் என்று பழைய சுற்றைச் சுற்றிவந்து புதிய தலைமுறை குடியேறும். தாய்ப்புழு செத்தாலும் பரம்பரை சாகாது. ஒருவர் தம்மைத் தாமே திரும்பத் திரும்பத் தொற்றிக்கொண்டே இருப்பார், ஐம்பது ஆண்டுகள்கூட.

1980-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, அந்த ரயில்பாதையில் உழைத்த முன்னாள் கைதிகள் 160 பேரைப் பரிசோதித்தது. 44 பேரிடம் புழு இருந்தது. சேற்றை விட்டு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது! லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி பல பத்தாண்டுகளில் பரிசோதித்த 2,072 முன்னாள் கைதிகளில் 248 பேருக்குத் தொற்று. ரயில்பாதையில் இருந்தவர்களுக்கே அது அதிகம். அந்த 248 பேரில் பெரும்பாலோர் ஓடும் கோட்டைக் கண்டவர்கள்.

*

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் வெள்ளைப் படைவீரர்களின் எண்கள். அதே சேற்றில், அதே வெறுங்காலோடு நின்று, உயிர் பிழைத்துப் பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் திரும்பிய தமிழர்களின் தோலை யார் பார்த்தார்கள்?

வீரர்களுக்குச் சங்கங்கள் இருந்தன, ஓய்வூதிய அலுவலகம் இருந்தது, ஆண்டுதோறும் பரிசோதிக்க மருத்துவமனை இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுடைய தோழர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்துக்குத் திரும்பிய தமிழனுக்கு லயத்து வீடும், விடிகாலையில் பால்வெட்டும், தோட்டத்து மருந்துக்கொட்டகையும்தான். அரிக்குது என்று போனால் தடவக் களிம்பு கிடைத்திருக்கும். போதாததற்கு அவர் திரும்பிவந்த தோட்டத்து மண்ணும் புழு வாழக்கூடிய மண்தான். ஆகவே அவருடைய புழு சயாமில் ஏறியதா, லயத்துப் பின்புறத்தில் ஏறியதா என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. ஒரு மாபெரும் தொற்றின் வரலாறு நமக்குக் கிடைத்திருப்பது, அதில் சிறுபான்மையாக இருந்தவர்களின் உடல்களிலிருந்து மட்டும்தான். இது மருத்துவ வரலாற்றுக்கு நேர்ந்த குறை மட்டுமல்ல, அந்த மனிதர்களுக்கு இழைத்த அநீதி என்றே நான் சொல்வேன்.

*

கோடு வந்து மறைந்துகொண்டிருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி புழுவின் எண்ணிக்கையைக் கட்டி வைத்திருக்கும். அந்தக் கட்டு அவிழும் நாள்தான் பயங்கரம்.

ஆஸ்துமா, மூட்டுவாதம், சிறுநீரக நோய், தோல்நோய் என்று ஏதோ ஒன்றுக்கு மருத்துவர் ஸ்டீராய்டு கொடுக்கிறார். முறையான, நல்ல மருத்துவம்தான். ஆனால் ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுகிறது. குடலில் கிடந்த புழுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. இலட்சக்கணக்கில் இளம்புழுக்கள் குடல் சுவரைத் துளைத்து நுரையீரல், கல்லீரல், மூளை என்று எல்லா இடத்துக்கும் பரவுகின்றன. போகும்போது குடலின் பாக்டீரியாக்களையும் இரத்தத்துக்குள் இழுத்துப் போகின்றன. இந்த நிலையில் சிலருக்குத் தோலில் வேறோர் அடையாளம் தோன்றும். தொப்புளைச் சுற்றி, யாரோ மை தொட்ட கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி எடுத்ததுபோல் ஊதாநிறப் பதிவுகள். காலம் தாழ்த்திக் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அவர்களில் பலர் எந்த நோய்க்காக மருத்துவரிடம் போனார்களோ, அந்த நோயால் சாகவில்லை.

கொரோனா காலத்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உலகெங்கும் கோடிக்கணக்கில் பயன்பட்டபோது, இந்தப் புழு பரவியுள்ள நாடுகளில் எச்சரிக்கை வேண்டும் என்று மருத்துவர்கள் குரல் கொடுத்தது இதனால்தான். இன்று உலகில் இந்தத் தொற்று உள்ளவர்கள் 60 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நம் நாடும் அந்தக் கணக்கில் அடக்கம்.

பள்ளிகளில் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையான ஒற்றை வேளை ஆல்பெண்டசோல், கொக்கிப்புழுவுக்கும் நாக்குப்பூச்சிக்கும் நல்லது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கு அது போதாது. ஒருமுறை செய்த மலப் பரிசோதனையில் புழு இல்லை என்று வந்தாலும் நம்பிவிட முடியாது. வெளியேறும் இளம்புழுக்கள் அவ்வளவு குறைவு. அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வயல், தோட்டம், செங்கல்சூளை, சுரங்கம் என்று வெறுங்காலோடு மண்ணில் உழைத்த பெரியவர் யாராவது இருந்து, அவருக்கு ஓடும் கோடுபோல் அரிப்பு வந்து போகிறதென்றால், அடுத்த முறை வரும்போது கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுங்கள். ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே அந்தப் படங்களை மருத்துவரிடம் காட்டுங்கள். கோடு மறைந்துவிடும், படம் இருக்கும்.

மருந்து இருக்கிறது. விலையும் அதிகமில்லை. பெயர் ஐவர்மெக்டின். அதன் பிறப்பிடம், அந்த ரயில்பாதையைப் போட்ட அதே ஜப்பான். 1970-களின் தொடக்கத்தில் ஷிசுவோகா மாநிலத்துக் கவானாவில், ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே சதோஷி ஓமுரா என்ற வேதியியலாளர் சிறிதளவு மண்ணை அள்ளினார். அதிலிருந்து வளர்த்த கிருமி, ஐம்பதுக்கும் மேற்பட்ட வேறு கிருமிகளோடு சேர்ந்து அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்குப் போனது. அங்கே வில்லியம் கேம்பல் அந்தக் கிருமியின் சாற்றைக் குடலெல்லாம் புழு நிறைந்த ஓர் எலிக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த எலிக்கு என்ன ஆனது?

அடுத்த வாரம் சொல்கிறேன்.